தந்தையில்லா மணமகன்

உழைப்புக்கு உவமை தேடிய புலவரும் உபதேசியாரும் எக்காலத்தும் தேனீயையே நாடி வந்திருக்கின்றனர். பள்ளிப் பிள்ளைக்கும் தேனீயைக் காட்டியே சுறுசுறுப்பைப் போதிக்கிறோம். ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு செய்தியை நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதே கூட்டினுள், ஒரு துளி மதுவும் கொணராது, ஒரு துணுக்கு மெழுகும் சுரவாது, பகைவன் வரும்போது கொட்டுவதற்குக் கொடுக்கும் இல்லாது, பிறர் சேர்த்த தேனை உண்டு வாழும் உயிர்கள் சில நூறு இருக்கின்றன. அவையே ஆண் தேனீக்கள். நாம் புகழும் உழைப்பாளிகள் அனைத்தும் பெண்கள்!

ஆகவே ஆண் தேனீக்கு உலகம் சூட்டிய பெயர் சோம்பேறி என்பதாகும். ஏறக்குறைய 2700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் ஹெசியட், வேலை செய்யாது காலங்கழிக்கும் மனிதனைக் கொடுக்கில்லாத ஆண் தேனீக்கு ஒப்பிட்டார். தத்துவஞானி பிளேட்டோ, நாட்டின் செல்வத்தை உறிஞ்சும் ஊதாரிகளை அதே பெயரால் இகழ்ந்தார். ஆங்கிலத்தில் 'ட்ரோன்' என்ற சொல் ஆண் தேனீயைக் குறிப்பதோடு, பிறர் உழைப்பில் வாழ்பவனையும் குறிக்கும். இன்று வானில் பறக்கும் ஆளில்லா விமானத்துக்கும் அப்பெயரே வந்து வாய்த்திருக்கிறது.

இத்தனை நூற்றாண்டுகளாக வழங்கிவரும் இந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா? குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்காக இயற்கையே எழுதி வைத்திருக்கும் வாக்குமூலத்தைச் சிறிது படித்துப் பார்ப்போம்.

கண்ணில்லாதவர் கண்ட காட்சி

தேன்கூட்டினுள் மணவினை எவ்வாறு நிகழ்கிறது என்பது நெடுங்காலம் மனிதனுக்குப் புலப்படாத மர்மமாகவே இருந்தது. அரிஸ்டோட்டில் போன்ற பேரறிஞரும் கூட்டின் தலைமைத் தேனீயை அரசன் என்றே எழுதினார். 1609ஆம் ஆண்டில் சார்ள்ஸ் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார், தேன்கூடு பெண்ணரசு என்பதைத் தம் நூலின் தலைப்பிலேயே பொறித்தார். அதே நூற்றாண்டில் ஒல்லாந்த அறிஞர் யான் சுவாமர்டாம் அந்த 'அரசனை' நுணுக்குக்காட்டியின் கீழ் அறுத்துப் பார்த்தார். உள்ளே இருந்தது சூலகம். அரசன், இராணி ஆனாள்!

ஆனால் இராணியும் ஆணும் கூடுவதை எவரும் கண்டதில்லை. ஆண் தேனீக்களின் மணமே காற்றில் பரவி இராணியைக் கருவுறச் செய்கிறது போலும் என்று சுவாமர்டாம் கருதினார். ஒஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் காலத்தில் வியன்னாவில் தேனீ வளர்ப்பு ஆசிரியராக விளங்கிய அன்ரன் யான்சா, இராணி கூட்டுக்கு வெளியே சென்றே ஆணுடன் கூடி வருகிறாள் என்று 1771இல் எழுதினார். அதனை ஐயந்திரிபறச் சோதித்துக் காட்டியவர் ஜெனீவா நகரைச் சேர்ந்த பிரான்சுவா ஊபர் என்பவர். இளமையிலேயே பார்வையை இழந்த அவருக்குக் கண்ணாக அமைந்தவர் அவருடைய பணியாளரான பேர்னென்ஸ்.

ஊபர் துளைகள் இட்ட பெட்டியில் ஆண் தேனீக்களை அடைத்து, அதனை இளம் இராணி இருந்த கூட்டினுள் வைத்தார். மணம் பரவத் தடையில்லை. ஆயினும் இராணி கருவுறவில்லை. வெளியே பறக்க விடப்பட்ட இராணியோ சிறிது நேரத்தில் திரும்பி வந்தபோது, கூடியதற்கான அடையாளத்தை உடலில் தாங்கி வந்தாள். தேனீயின் மணப்பந்தல் கூடு அன்று, ஆகாயமே என்பது 1792இல் வெளியான அவருடைய நூலால் நிலைநாட்டப்பட்டது. கண்ணுள்ளோர் பலர் காணாததைக் கண்ணில்லாத ஒருவர் உலகுக்குக் காட்டினார்.

தகப்பன் இல்லை, பாட்டன் உண்டு

அடுத்த வியப்பு ஆண் தேனீயின் பிறப்பிலே இருக்கிறது. இன்று போலந்தில் உள்ள சைலீசியப் பகுதியில் கத்தோலிக்கக் குருவாக இருந்த யான் ஜீர்சோன் ஓயாது தேனீக்களை ஆராய்ந்தவர். கருவுற்ற முட்டையிலிருந்து பெண் தேனீயும், கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீயும் பிறக்கின்றன என்று அவர் 1845இல் வெளியிட்டார். தந்தையின்றிப் பிள்ளை பிறக்கும் என்று ஒரு குருவானவர் சொன்னதைப் பலரும் ஏற்கவில்லை. ஆனால் அவரிடம் சான்று இருந்தது. இத்தாலிய இராணியும் ஜேர்மன் ஆண்களும் கூடியபோது பெண் மக்கள் இரு சாதியும் கலந்த தோற்றத்தில் பிறந்தனர்; ஆண் மக்களோ தாயின் சாதியையே உரித்து வைத்திருந்தனர். 1856இல் சீபோல்ட் என்ற ஜேர்மன் விஞ்ஞானி, வேலைத் தேனீயின் முட்டைகளில் விந்திழைகள் இருப்பதையும் ஆண் தேனீயின் முட்டைகளில் அவை இல்லாமையையும் நுணுக்குக்காட்டியில் கண்டு எழுதினார். கன்னிப்பிறப்பு என்று விஞ்ஞானம் வழங்கும் நிகழ்ச்சி இதுவே.

இராணி வதையில் உள்ள அறையின் அகலத்தைத் தன் முன்கால்களால் அளந்து பார்ப்பாள். சிறிய அறையானால், தன் வயிற்றில் உள்ள விந்துப் பையிலிருந்து சிறிது கசியவிட்டு முட்டையைக் கருவுறச் செய்வாள். அகன்ற அறையானால் விந்து சேராத முட்டையை இடுவாள். அகன்ற அறைகளைக் கட்டுவோர் வேலைத் தேனீக்கள். ஆகவே, எத்தனை ஆண்கள் பிறக்கவேண்டும் என்பதை முதலில் தீர்மானிப்பவர்கள் அந்த உழைப்பாளிப் பெண்களே.

பெண் தேனீக்கு 32 நிறமூர்த்தங்கள், ஆணுக்கு 16. அதன் குலமுறையும் விசித்திரமானது. ஆண் தேனீக்குத் தாய் மட்டும் உண்டு, தந்தை இல்லை. ஆனால் தாய்க்குத் தந்தை உண்டு. ஆகையால் பாட்டன் உண்டு. அவ்வாறே அதற்குப் பெண் மக்கள் பிறப்பார்கள், ஆண் மகவு பிறக்காது. பேரன் மட்டும் பிறப்பான்! அதன் முன்னோரை மேல்நோக்கி எண்ணிச் சென்றால் தலைமுறைக்கு ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று தொகை வளரும். முந்திய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் இந்த வரிசை, கணித மாணவர் அறிந்த பிபனாச்சி எண்வரிசையே.

ஒரு வேளைக்காக ஓர் உடல்

ஐரோப்பியத் தேனீயில் இராணி 16 நாளிலும், வேலைத் தேனீ 21 நாளிலும் முட்டை நிலையிலிருந்து முழு உருவம் பெறுகின்றன. ஆண் தேனீக்கு 24 நாள் வேண்டும். பிறந்த பின்னும் ஏறக்குறைய 12 நாள் கழிந்தே அது பக்குவம் அடைகிறது. இக்காலம் முழுவதும் கூட்டின் செலவிலேயே வளர்கிறது. அந்தச் செலவு எதற்காக என்பதை அதன் உடலை உற்று நோக்கினால் அறியலாம்.

அதன் கூட்டுக்கண்கள் தலையுச்சியில் ஒன்றையொன்று தொடும் அளவுக்குப் பெருத்தவை. வேலைத் தேனீயின் ஒரு கண்ணில் நாலாயிரம் ஐயாயிரம் சிறுகண்கள் இருக்குமானால், ஆணின் கண்ணில் ஏழாயிரம் எட்டாயிரம் இருக்கும். உணர்கொம்பில் பெண்ணுக்கு 12 கணுக்கள், ஆணுக்கு 13. நெஞ்சும் சிறகும் வலியவை. மகரந்தம் சுமக்கும் கூடை இல்லை, நா குறுகியது. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பே மாறி அமைந்ததாகையால், அது ஆணுக்கு வாய்க்க வழியே இல்லை. சோம்பலினால் இவன் தேன் சேர்க்கவில்லை என்று பழிப்பது, பிடிலுக்கு மண்வெட்டியின் கூர்மை இல்லை என்று குறை கூறுவதை ஒக்கும். விண்ணிலே ஒரு புள்ளியாகச் செல்லும் இளம் இராணியைக் கண்டு, மோப்பம் பிடித்துத் துரத்திப் பிடிப்பதற்கென்றே இவ்வுடல் ஆக்கப்பட்டிருக்கிறது.

நல்ல வெயில் அடிக்கும் பிற்பகலில், வயிறு நிறையத் தேனருந்தி ஆண் தேனீ புறப்படுகிறது. இவை கண்டபடி அலைவதில்லை. நிலத்துக்கு மேல் சுமார் 10 முதல் 40 மீற்றர் உயரத்தில் குறித்த இடங்களிலே கூடுகின்றன. ஜேர்மனியில் இத்தகைய ஓரிடத்திற் பிடித்த ஆண்களின் பரம்பரைக் கூறுகளை ஆராய்ந்தபோது, அவை ஏறக்குறைய 240 கூடுகளிலிருந்து வந்தவை என்று 1998இல் கணக்கிடப்பட்டது. குளிர்நாட்டில் ஒரு பனிக்காலத்தைத் தாண்டி ஆண் தேனீ வாழ்வது அரிது. ஆயினும், சென்ற ஆண்டு ஆண்கள் கூடிய அதே இடத்தில் இவ்வாண்டு பிறந்தவையும் வந்து கூடுகின்றன. வழிகாட்ட ஒரு முதியவரும் இல்லாத திருவிழா இது!

அங்கே இளம் இராணி வருகிறாள். அவள் தாடைச் சுரப்பியிலிருந்து எழும் வாசனைப் பொருள் காற்றில் பரவுகிறது. நூற்றுக்கணக்கான ஆண்கள் வால்வெள்ளி போல் அவள் பின்னே நீண்டு செல்கின்றன. முந்திய ஆண் அவளைப் பற்றுகிறது. கூடல் சில விநாடிகளே நீடிக்கும். உள்ளிருந்த உறுப்பு முழு வேகத்துடன் வெளிப்பட்டதும் ஆண் செயலிழந்து பின்புறமாகச் சாய்கிறது. உறுப்பின் ஒரு பகுதி இராணியிடமே தங்கிவிட, அது நிலத்தில் வீழ்ந்து மடிகிறது. அடுத்தது, முந்தியது விட்டுச் சென்ற அடையாளத்தை அகற்றித் தானும் கூடி வீழ்கிறது. இராணி ஒருவனோடு மட்டுமே கூடுவாள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1954இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி அதனைத் தகர்த்தது. பத்து முதல் இருபது ஆண்களுடன் கூடுவதே ஐரோப்பியத் தேனீயின் வழக்கம் என்று இன்று அறிகிறோம். இளமையில் பெற்ற அந்தச் செல்வத்தில் ஐம்பது அறுபது இலட்சம் விந்திழைகளைத் தன் சிறு பையில் சேமித்து, பல ஆண்டுகள் இராணி செலவிடுகிறாள்.

மணமகனாய் மாளும் பேறும் எல்லாருக்கும் கிட்டுவதில்லை. மிகப் பெரும்பாலான ஆண்கள் நாள்தோறும் பறந்து, நாள்தோறும் வெறுமையாய்த் திரும்பி, இறுதியில் எவளையும் காணாமலே மடிகின்றன.

மூன்று சாதி, மூன்று வேளை

இவ்வரலாற்றின் அழகிய அத்தியாயம் ஒன்று நம் இலங்கைத் தீவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மரப்பொந்திலும் பெட்டியிலும் பல வதைகள் கட்டி வாழும் பொந்துத்தேனீ, சிறு கொம்பில் ஒற்றை வதை கட்டும் கொம்புத்தேனீ, உயர்ந்த மரத்திலும் பாறையிலும் பெருவதை தொங்கவிடும் பெருந்தேனீ என மூன்று சாதிகள் இங்கே ஒரே காட்டில் வாழ்கின்றன. மூன்றின் இராணிகளும் ஆணை அழைக்கும் வாசனையின் தலையாய பொருள் ஒன்றே. அப்படியானால் ஒரு சாதி ஆண் மற்றச் சாதி இராணியைத் துரத்திக் குழப்பம் விளையாதா?

ஜேர்மன் விஞ்ஞானி கோனிகரும் அவருடன் பணியாற்றியவரும் இலங்கையில் செய்த ஆராய்ச்சி 1976இல் வெளியாயிற்று. கொம்புத்தேனீயின் ஆண்கள் நண்பகல் தொடக்கம் பிற்பகல் இரண்டரை மணி வரையில் பறக்கின்றன. பொந்துத்தேனீயின் ஆண்கள் நாலேகால் மணிக்குப் புறப்பட்டு ஐந்தேகாலுக்குள் அடங்கிவிடுகின்றன. பெருந்தேனீயின் ஆண்களோ மாலை ஆறு மணிக்கு மேல், இருள் கவியும் அந்தியிலே பறக்கின்றன. ஒரே கோயிலில் வெவ்வேறு உபயகாரர் தத்தம் வேளையில் திருவிழாச் செய்வது போல, ஒரே ஆகாயத்தை மூன்று குலங்களும் முறைவைத்துப் பயன்படுத்துகின்றன.

கூடும் இடத்திலும் வேறுபாடு உண்டு. ஐரோப்பியத் தேனீ திறந்த வெளியை நாட, இங்குள்ள பொந்துத்தேனீயின் ஆண்கள் மரங்களின் உச்சிக் கிளைகளை அண்டிய வெளியிற் கூடுகின்றன. பெருந்தேனீயின் ஆண்களோ மற்ற மரங்களுக்கு மேலாக ஓங்கி நிற்கும் பெருமரத்தின் கிளைக்குடைக்குக் கீழே குழுமுகின்றன. காட்டில் ஒரு பெருமரத்தைச் சாய்ப்பவன், பலகையை மட்டுமே எண்ணுகிறான். எத்தனை கூடுகளின் மணவறையைச் சாய்த்தோம் என்பதை அவன் அறியான்.

கூட்டின் கண்டிப்பு

மலர்ச்சிக் காலத்தில் ஆண் தேனீக்குக் கூட்டில் உபசாரம் குறைவில்லை. வேற்றுக் கூட்டுக்குள் வழிதவறி நுழைந்தாலும் காவற்காரர் பெரும்பாலும் தடுப்பதில்லை. பூ அற்றுத் தேன் குறையும் காலத்திலோ நிலைமை மாறிவிடும். குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தின்போதும், நம் போன்ற வெப்ப நாடுகளில் பஞ்ச காலத்திலும், வேலைத் தேனீக்கள் ஆண்களுக்கு உணவை மறுக்கின்றன. வாயிலுக்கு இழுத்து வந்து தள்ளுகின்றன. கொடுக்கற்ற அவை எதிர்த்துப் போராட முடியாமல் வெளியே பசியாலும் குளிராலும் இறக்கின்றன. காலையில் பெட்டியின் முன் சிதறிக் கிடக்கும் சடலங்களைத் தேனீ வளர்ப்போர் அறிவர்.

இதனைக் கொடுமை என்பதா, சிக்கனம் என்பதா? ஒன்று மட்டும் உறுதி. இராணியை இழந்து, வேறொருத்தியை வளர்க்கவும் வழியற்றுப் போன கூட்டில் ஆண்களைத் துரத்துவோர் இல்லை. அங்கே வேலைத் தேனீக்கள் தாமே முட்டையிடத் தொடங்குகின்றன. கூடல் அறியாத அவற்றின் முட்டையிலிருந்து ஆண்களே பிறக்கும். உழைக்க இனி ஒரு மகளும் பிறக்கமாட்டாள். கூடு அழிவது திண்ணம். ஆனால் அழியுமுன் அக்கூடு எஞ்சிய தேனையெல்லாம் ஊட்டி ஆண்களை வளர்த்து ஆகாயத்துக்கு அனுப்புகிறது. எங்கோ வேற்றுக் கூட்டு இராணி ஒருத்தியின் வயிற்றில் தன் குலம் ஒட்டிக்கொள்ளாதா என்ற கடைசி முயற்சி அது. நாம் சோம்பேறி என்று இகழ்பவனிடமே, இறக்கும் குடும்பம் தன் முதுசத்தை ஒப்படைக்கிறது.

தீர்ப்பை மாற்றும் சான்றுகள்

ஆண் தேனீ குலத்துக்கு அளிப்பது விந்து மட்டுமன்று. நம்மில் ஒரு தீய பரம்பரைக் கூறு இருந்தால், மற்றப் பெற்றோரிடமிருந்து வந்த நல்ல கூறு அதனை மறைத்து நிற்கலாம். ஒற்றைத் தொகுதி நிறமூர்த்தமே உடைய ஆண் தேனீயில் ஒளிந்துகொள்ள இடமில்லை. குறை இருப்பின் அது பிழைக்காது, அல்லது இராணியை எட்டாது. குலத்தின் பதரைப் புடைத்து நீக்கும் சுளகாக ஆணினம் விளங்குகிறது.

பல ஆண்களின் பெண்மக்கள் ஒரே கூட்டில் வாழ்வதால் வரும் நன்மையும் பெரிது. அத்தகைய கூடுகள் நோயைத் தாங்கும் வலிமையிலும், வதையின் வெப்பத்தைச் சீராகக் காப்பதிலும், தேனைத் தேடிச் சேர்ப்பதிலும் ஒரே தந்தையின் மக்களைக் கொண்ட கூடுகளை விஞ்சுகின்றன என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

ஆண்கள் குறைந்தால் நேர்வது என்ன? தேனீயின் பாலை நிர்ணயிக்கும் பரம்பரை அலகு 2003இல் இனங்காணப்பட்டது. அவ்வலகின் இரு வேறு வடிவங்கள் ஒரு முட்டையிற் சேர்ந்தால் பெண் பிறக்கும். உறவுக்குள் கூடியதால் ஒரே வடிவம் இரண்டாகச் சேர்ந்தால், கருவுற்ற முட்டையிலிருந்தும் ஆணே உருவாகும். அது பயனற்ற ஆண். அக்குடம்பியைப் பொரித்த சில மணி நேரத்துக்குள் வேலைத் தேனீக்கள் தின்றுவிடும். அத்தகைய ஓர் ஆணுடன் மட்டும் கூடிய இராணியின் கருவுற்ற முட்டைகளில் பாதி இவ்வாறு வீணாகும். வதையில் குஞ்சறைகள் இடையிடையே வெறுமையாகித் தோன்றும். கூடு நாளடைவில் மெலிந்துபோகும். இராணி பல கூட்டு ஆண்களைத் தேடிச் செல்வதன் காரணம் இதனால் விளங்கும்.

இன்னுமொன்று. உலகெங்கும் ஐரோப்பியத் தேனீயை வாட்டும் வரோவா என்ற உண்ணி முதலில் நம் ஆசியப் பொந்துத்தேனீயிடம் இருந்ததாகும். பொந்துத்தேனீயில் அது ஆண் குஞ்சுகளின் அறைகளில் மட்டுமே பெருகும். அவ்வறையின் மூடி கடினமானது. நடுவே ஊசித்துளை போன்ற ஒரு துவாரம் மட்டும் இருக்கும். உண்ணிகள் மிகுந்து மெலிந்த ஆண், அந்த மூடியை உடைத்து வெளிவர மாட்டாமல் உள்ளேயே இறக்கும். உண்ணிகளும் அதனுடன் சிறைப்பட்டு ஒழியும். பறக்காத ஆணும் இறப்பினாற் கூட்டைக் காக்கிறான்!

நம் நாட்டில் வீட்டு முற்றத்தில் ஒன்றிரண்டு பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்போர் பலர். ஆண் அறைகளைக் கண்டதும் தேனுக்கு நட்டம் என்று வெட்டி எறிவாரும் உளர். தம் பெட்டியின் புதிய இராணி கூடப்போவது தம் பெட்டி ஆண்களோடு அன்று, அயலவர் பெட்டியிலும் காட்டுப் பொந்திலும் பிறந்த ஆண்களோடு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறே தம் பெட்டி ஆண்கள் அயலாரின் இராணிகளுக்கு உரியவை. ஒவ்வொருவரும் தம் ஆண்களை அழித்துவிட்டுப் பிறருடைய ஆண்களை நம்பியிருந்தால், நாலேகால் மணிக்கு ஆகாயத்தில் கூடுவதற்கு யார் இருப்பார்? பொந்துக்குத் தீ வைத்துத் தேன் எடுப்பவனும் அதே ஆகாயத்தைத்தான் வெறுமையாக்குகிறான்.

இனிமேல் வெயில் சாயும் மாலையில் மரத்தடியில் நிற்க நேர்ந்தால், சற்றே நிமிர்ந்து செவி கொடுங்கள். இலைகளுக்கு மேலே, காற்றின் ஓசையுமல்லாத ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கக்கூடும். தந்தையைக் காணாத மணமகன்கள் தாம் காணப்போகாத மக்களுக்காக அங்கே சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாலையில் வெறுமையாய்த் திரும்புவார்கள், நாளையும் புறப்படுவார்கள். சோம்பேறி என்ற சொல்லுக்கு நாம் வேறு உவமை தேடிக்கொள்வதே நியாயம்.